பூனை இருக்கிற வீட்டுக்கு எந்த வலை? மதுரையில் கிடைப்பவை பற்றி ஒரு ரிவ்யூ

மதுரையில் பால்கனிக்கு வலை அடிக்கும் ஆளைக் கூப்பிட்டால் முதல் கேள்வி, "எத்தனை ஸ்கொயர் ஃபீட் சார்?" அடுத்தது, "புறாவுக்குத்தானே?" பூனைக்கு என்று சொன்னால், "அதே வலைதான் சார். புறாவும் வராது, பூனையும் போகாது" என்பார்கள். புறா வராது, அது வரைக்கும் சரி. பூனை போகுமா போகாதா என்பது வலையின் கண் அளவிலும் ஓரத்தை எப்படி இறுக்குகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அந்தக் கண் வழியாக உள்ளே நுழைந்து பூனையிடம் மாட்டும் சிட்டுக்குருவியை யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு மெத்தை, டவர், பேட்டரி எலி என்று வாங்கிக் குவிப்பதற்கு முன்னால் அந்தப் பணத்தை ஜன்னலுக்கும் பால்கனிக்கும் போடுங்கள். முருங்கையில் ஓடும் அணிலையும் மாடியில் வந்து இறங்கும் மைனாவையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு இடம் கிடைத்தால் பூனைக்குப் பாதிப் பொழுது போய்விடும். அணிலுக்கும் ஆபத்து இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து நடக்க வலை சரியாக அமைய வேண்டும். அதனால்தான் இந்த ரிவ்யூவில் பாதிக்கு மேல் வலையைப் பற்றியே பேச்சு.

புறா வலை

நைலானிலும் ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் இழையிலும் வருகிறது. இது, இன்விசிபிள் கிரில், வெல்டு மெஷ் என்ற மூன்று வகையில் இதுதான் மலிவு. அரை நாளில் வேலை முடியும், காற்றும் வெளிச்சமும் குறையாது. வீட்டு ஓனரும் பெரிதாக முகம் சுளிக்க மாட்டார்.

கோளாறு கண் அளவில். பறவைத் தடுப்பு வலைகளில் பொதுவாக 50 மி.மீ. கண் புறாவுக்கு, 28 மி.மீ. மைனா அளவுப் பறவைக்கு, 19 மி.மீ. சிட்டுக்குருவிக்கு என்று கணக்கு. புறா வலை என்று கேட்டால் பெரும்பாலும் 50 மி.மீ. கண்ணைத்தான் கட்டிவிட்டுப் போவார்கள். அதில் சிட்டுக்குருவி, சில்லை, தேன்சிட்டு, அணில் எல்லாம் தாராளமாக உள்ளே வரும். வந்தது பயந்து பறக்கும்போது வந்த வழி கண்ணில் படாது. திறந்த வெளியில் பூனையைப் பார்த்ததும் எழும்பிப் பறந்துவிடக்கூடிய குருவி, நாலுக்கு எட்டு அடி பால்கனிக்குள் வசமாகச் சிக்கிக்கொள்கிறது. பூனையை வீட்டுக்குள் வைத்தும் குருவி சாகிறதே என்று குழம்புகிறவர்கள் வலையின் கண்ணை ஒரு முறை அளந்து பார்க்கலாம்.

பூனை தப்பும் கணக்கும் எளிதுதான். 50 மி.மீ. கண்ணின் சுற்றளவு 20 செ.மீ. இழை வளையும் என்பதால் தலையால் முட்டினால் அது 6 செ.மீ.க்குச் சற்று மேல் குறுக்களவுள்ள வட்டமாகிவிடும். குட்டிப் பூனைக்கு அது போதும். ஒரே ஒரு இழையைக் கடித்து அறுத்தால் இரண்டு கண் ஒன்றாகிச் சுற்றளவு 30 செ.மீ. ஆகிறது, வட்டம் ஒன்பதரை செ.மீ. அதில் வளர்ந்த கடுவன் பூனையே போகும். 30 மி.மீ. கண்ணில் ஒரு இழை அறுந்தாலும் வட்டம் 6 செ.மீ.க்குள்தான் நிற்கும். 20 மி.மீ. கண்ணில் 4 செ.மீ. கூட வராது. ஆக, கண் சிறுத்தால் பூனை கடித்த பிறகும் நமக்குக் கவனிக்க அவகாசம் கிடைக்கிறது.

அடுத்தது ஓரம். புறாவுக்கு வலை கட்டுகிறவர்கள் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒரு ஹூக் வைப்பார்கள். புறா வலையைத் தூக்கிப் பார்க்காது, பூனை தூக்கும். இரண்டு ஹூக்குக்கு நடுவே முன்னங்காலை விட்டு, தலையை விட்டு, உடம்பையும் தள்ளிவிடும். 15 செ.மீ.க்கு ஒரு ஹூக் வேண்டும். கீழ் ஓரத்தில் ஹூக் மட்டும் போதாது. அலுமினிய எல்-ஆங்கிள் பட்டையை வலை மேல் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் இரண்டு, மூன்று செ.மீ.க்கு மேல் வலை வயிறு தள்ளக் கூடாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் ஊர் இது. தொளதொளவென்று கட்டிய வலை ஜூலையில் படபடக்க ஆரம்பித்தால் பிளாஸ்டிக் பிளக் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழன்று வரும்.

தொய்ந்த வலையில் வெளியிலிருந்தும் சிக்குவார்கள். இரவில் வரும் பழந்தின்னி வௌவால் இறக்கை மாட்டித் தொங்கும், மைனா காலைக் கொடுத்துவிட்டு முழிக்கும். அப்படிச் சிக்கியதை இழுத்து எடுக்கப் போகாதீர்கள், எலும்பு முறியும். கெட்டியான டவலால் தலையோடு மூடிவிட்டு, இழையைக் கத்தரியுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

யூவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்காத நைலான் மதுரை வெயிலில் சீக்கிரமே மக்கும். சோதிக்க ஒரு இழையை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்த வலையின் ஆயுள் முடிந்தது.

எங்கள் தீர்ப்பு: பூனைக்கு 50 மி.மீ. புறா வலை வேண்டவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் யூவி தாங்கும் ஹெச்டிபிஇ, 20 மி.மீ.க்குள் கண், மேலே சொன்ன ஓர வேலை. இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொள்கிற ஆளிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். ரேட் பேசும்போது ஹூக், ஓரக் கயிறு, உயர மாடிக்கான கூலி எல்லாம் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஹூக்கை நெருக்கி வைக்கச் சொன்னதும் ரேட் ஏறும். அது நியாயமான ஏற்றம்தான்.

இன்விசிபிள் கிரில்

மேலும் கீழும் அலுமினிய டிராக், நடுவே நைலான் பூசிய எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கேபிள் இரண்டு முதல் மூன்று மி.மீ. கனத்தில், இரண்டு முதல் நான்கு அங்குல இடைவெளியில். தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். குழந்தை உள்ள வீட்டுக்கு நல்ல பொருள்.

பூனைக்கு ஏமாற்றம்தான். கேபிள் ஒரே திசையில் ஓடுகிறது, குறுக்கே பிடிப்பு இல்லை. எட்டடி உயரக் கேபிளின் நடுப்பகுதியில் இரண்டு விரலை வைத்து விலக்கிப் பாருங்கள், எவ்வளவு அகல்கிறது என்று தெரியும். குருவிக்கும் அணிலுக்கும் தடையே இல்லை. கொடுக்கிற காசுக்கு இது நியாயமில்லை. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பிரிக்க வேண்டாம், உள்பக்கம் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) ஃபிரேமை நிறுத்திக்கொள்ளலாம்.

வெல்டு மெஷ்

ஹார்டுவேர் கடையில் மூன்றடி, நாலடி அகல ரோலாக வெட்டித் தருவார்கள். கோழிக்கூண்டுக்குப் போடுகிறார்களே, அதேதான். அழகில் கடைசி, வேலையில் முதல். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

கடையில் கேட்க வேண்டியது இரண்டு அளவு. கண் அரை அங்குலம். ஒரு அங்குலக் கண்ணில் அணில் குட்டியும் சின்னக் குருவியும் நுழையும். வெளியே நிற்கும் ஓணானை நகத்தால் கொத்தி இழுக்கவும் பூனைக்கு வழி உண்டு. அரை அங்குலத்தில் பாதம் வெளியே போகாது. அடுத்தது கேஜ். இந்த எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 14 கேஜ் கம்பி 2 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ. அரை அங்குலக் கண்ணுக்கு 18 அல்லது 20 கேஜ் போதும். எந்தப் பூனையும் அதைக் கடித்து அறுக்காது.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) மெஷில் துரு முதலில் பிடிப்பது வெல்டு முனைகளில். வெல்டு செய்த பிறகு துத்தநாகம் முக்கியதா, முன்னாலேயே முக்கிய கம்பியை வெல்டு செய்ததா என்று கேளுங்கள். முதல் வகை அதிக நாள் நிற்கும். ராமேஸ்வரம், தூத்துக்குடி போல உப்புக்காற்று இல்லாததால் மதுரையில் சாதாரண ஜிஐயே நன்றாக உழைக்கிறது.

கட்டும் முறை. ஒரு அங்குல சதுரப் பைப்பில் மூன்றடி அகல ஃபிரேம்களாகச் செய்து மெஷை அடித்து, போல்ட் போட்டுச் சுவரில் நிறுத்துங்கள். ஒரு ஃபிரேமாவது ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். ஏசி மெக்கானிக் வந்தாலும் தீ ஆபத்து என்றாலும் அது உதவும். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆங்கர் போல்ட் நிற்காது, பொரிந்து வரும். அங்கே துளையைப் பெரிதாக்கி மரக்கட்டை இறக்கி, சிமென்ட் வைத்து, காய்ந்தபின் ஸ்க்ரூ போட வேண்டும்.

வாடகை வீடு என்றால் சுவரைத் தொட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஜன்னல் கிரில்லின் உள்பக்கம் மெஷை வைத்துக் கட்டுக்கம்பியால் பத்து செ.மீ.க்கு ஒரு முடிச்சு. பிளாஸ்டிக் கேபிள் டை வெயிலில் நொறுங்கும், அதை நம்பாதீர்கள். உள்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அணிலும் மைனாவும் கிரில் கம்பியில் வந்து உட்காரும். மெஷ் உள்ளே இருந்தால் பூனையின் நகத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு கம்பி கனமாவது இடைவெளி இருக்கும். ரோல் சேருமிடத்தில் இரண்டு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். வெட்டிய முனைகளை பிளையரால் வெளிப்பக்கம் மடக்கி, மேலே பிளந்த ஹோஸ் பைப்பைச் செருகிவிட்டால் வால், கால் கிழியாது.

ஜன்னலுக்குக் கொசு வலை போதாதா என்பார்கள். வெல்க்ரோ ஒட்டிய வலையைப் பூனை ஒரே இழுப்பில் பிரித்துவிடும். ஃபைபர் வலை நகத்தில் கிழியும். அலுமினிய ஃபிரேமில் இறுக்கிய எஸ்எஸ் கொசு வலை மட்டும் தாங்குகிறது.

மூடுவதற்கு முன்னால்

ஏசி அவுட்டோர் பெட்டியின் பின்புறம், மீட்டர் பாக்ஸ், பூந்தொட்டி, மின்விசிறிக் கிண்ணம் எல்லாவற்றிலும் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். புறா முட்டை பொரிய 17 முதல் 19 நாள், குஞ்சு பறக்க அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம். சிட்டுக்குருவிக்கு அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டு வாரம். அது வரை பால்கனிக் கதவைச் சாத்தி வைத்துப் பூனையை உள்ளே வையுங்கள். வலை அடிக்கும் ஆள் "எடுத்துப் போட்டுரலாம் சார்" என்பார், விடாதீர்கள்.

மேற்குப் பார்த்த பால்கனியில் சித்திரை, வைகாசியில் கம்பி கை வைக்க முடியாமல் சுடும். வெளிப்பக்கம் மேல் பாதிக்கு 50 சதவீத பச்சை நிழல் வலை கட்டி, அதை மெஷோடு ஒட்டி இறுக்க வேண்டும், ஊஞ்சலாட விடக் கூடாது. அறைக்குத் திரும்பும் கதவு எப்போதும் பூனை நுழையும் அளவு திறந்தே இருக்கட்டும். காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளாமல் கட்டை வையுங்கள். வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்கினால் அது அவசரம். பாதத்தையும் வயிற்றையும் குழாய்த் தண்ணீரால் நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் வைக்க வேண்டாம்.

வலைக்கு உள்ளே போட வேண்டியவை

முதலில் ஏறும் பலகை. அகலம் ஓரடி, ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் உயரம் ஒன்றரை அடிக்குள். கடைசிப் பலகை நம் கண் மட்டத்துக்கு மேலே இருந்தால் பூனை அங்கேதான் குடியிருக்கும். கடையில் விற்கும் கேட் டவர்களில் பெரும்பாலானவை அடிப்பாகம் சிறுத்தவை. நாலு கிலோ பூனை தாவினால் ஆடும், ஒரு முறை ஆடினால் பூனை அதை மறுபடி தொடாது. சுவரில் அடிக்கும் பலகையே மேல்.

நகம் கீறும் கம்பத்தைக் கடையில் வாங்குவதைவிடச் செய்துகொள்வது நல்லது. கடைக் கம்பங்கள் இரண்டடி கூட இருப்பதில்லை. பூனை பின்னங்காலில் நின்று முழு உடம்பையும் நீட்டிக் கீற வேண்டும், அதற்கு மூன்றடி வேண்டும். 110 மி.மீ. பிவிசி பைப் மூன்றடி எடுத்து 8 மி.மீ. கயிறு சுற்றினால் ஏறக்குறைய 114 சுற்று வரும், கயிற்றின் கனத்தையும் சேர்த்தால் சுற்றுக்கு 37 செ.மீ., மொத்தம் 42 மீட்டருக்குச் சற்று மேல். 75 மி.மீ. பைப்பானால் முப்பது மீட்டர் போதும். சணல் கயிறு நன்றாக நிற்கிறது. தேங்காய்நார்க் கயிறு மலிவு, ஆனால் துகள் உதிரும், சில பூனைகளுக்கு அதன் முரட்டுத்தனம் பிடிக்காது. அடிப்பாகத்துக்கு ஒன்றரை அடிச் சதுரக் கடப்பாக்கல் போட்டால் கம்பம் அசையாது. மிச்சம் கிடக்கும் கல்லையே கடப்பாக்கல் கடையில் வெட்டித் துளை போட்டுத் தருவார்கள். கயிற்றின் இரு முனையையும் பைப்புக்குள் விட்டு முடிச்சுப் போடுங்கள். வெளியே தொங்கும் முனையைப் பூனை மென்று விழுங்கும்.

நூல் விஷயத்தில் கண்டிப்பு தேவை. மல்லிகை கட்டிய நூல், வாழைநார், உறை தைக்கும் நூல், பட்டம் விடும் நூல் எல்லாமே ஆபத்து. வாடிய சரத்தைத் தலையிலிருந்து எடுத்து மேசையில் போடுவது மதுரை வீடுகளில் அன்றாடம் நடப்பது. பூனையின் நாக்கு முட்கள் பின்நோக்கி இருப்பதால் வாயில் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கி மறுமுனை குடலில் இறங்கினால் குடல் சுருங்கிக் கிழியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். மல்லிகைப் பூவால் தீங்கில்லை. சாமி படத்துக்குப் போடும் அரளி மாலை பூனைக்கு விஷம், செங்காந்தள் விஷம், பொக்கேயில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

தூண்டில் பொம்மைகளில் இறகு வைத்தது, ரிப்பன் வைத்தது, எலி வைத்தது என்று வருகிறது. மூன்றடி மூங்கில் குச்சியில் ஒரு மீட்டர் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டினாலும் அதே வேலைதான். மயிலிறகை ஆட்டாதீர்கள், அதன் தண்டு கடித்ததும் பிளந்து வாயில் குத்தும். எதை வாங்கினாலும் ஆட்டும் விதத்தில்தான் விஷயம். முகத்துக்கு நேரே வீசினால் பூனை சலித்துப் போய்விடும். இரை ஒருபோதும் பூனையை நோக்கி வராது. தரையோடு இழுத்து, கட்டில் காலுக்குப் பின்னால் மறைத்து, நிறுத்தி, லேசாக நடுங்கவிட்டு, மறுபடி ஓட விடுங்கள். பின்புறத்தை ஆட்டிக்கொண்டு பூனை பதுங்கினால் அதுவே உச்சம், அப்போது அவசரப்படுத்தாதீர்கள். நடுநடுவே பிடிக்க விடுங்கள். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து முடித்து, உடனே சாப்பாடு வையுங்கள். காலை ஒரு பத்து நிமிடம், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிடம். முடிந்ததும் குச்சியை அலமாரிக்குள் பூட்டிவிட வேண்டும், மேலே சொன்ன அதே நூல் காரணம்தான். லேசர் லைட்டுக்கு நாங்கள் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க மாட்டோம். ஓடி ஓடிக் கடைசியில் எதையும் பிடிக்காமல் நிற்கும் பூனை சுவர் நிழலை வெறிக்கப் பழகிவிடக்கூடும்.

இந்த விளையாட்டுக்கு வேட்டையைக் குறைக்கும் பலனும் உண்டு. எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்மேற்கு இங்கிலாந்தில் 219 வீடுகளின் 355 பூனைகளைக் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் இப்படி விளையாடியதில் வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 25 சதவீதம் குறைந்தது. தானியமில்லாத, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் சொல்லும்படி எந்தப் பலனும் இல்லை. பெட் ஷாப்பில் மணி வைத்த பெல்ட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள், வாங்க வேண்டாம். தயிர்சாதமும் பாலும் மட்டும் கொடுத்து வளர்க்கும் பூனை ஓணானைத் தேடிப் போவதில் ஆச்சரியம் இல்லை. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, மீன் முள்ளெடுத்து, அதோடு முழுமையான பூனை உணவு என்று இருந்தால் அந்தத் தேடல் தணியும். கருவாடு உப்பு, அது வேண்டாம்.

அதே ஆய்வில் பசில் ஃபீடர் (பூனை தேடி எடுக்கிற மாதிரி தீவனத்தை ஒளித்து வைக்கும் பொம்மை) பயன்படுத்திய வீடுகளில் இரை 33 சதவீதம் கூடியிருந்தது. அவை வெளியே போய்வரும் பூனைகள். முழுக்க உள்ளேயே இருக்கும் பூனைக்கு அது நல்ல பொழுதுபோக்குதான், ஆரம்பத்தில் மட்டும் எளிதாக இருக்க வேண்டும். காசு போட்டு வாங்குவதற்கு முன் முட்டைக் கடையின் 30 குழி அட்டையில் தீவனத்தைத் தூவிப் பாருங்கள். கஷ்டப்படாமல் எடுக்கப் பழகியதும் குழிகளின் மேல் காகித உருண்டை வைத்து மறையுங்கள். மதுரையில் இதற்கு ஒரே எதிரி எறும்பு. அட்டையை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள்.

பாக்கெட்டில் வரும் கேட்னிப் (பூனையைக் கிறங்க வைக்கும் வாசனைச் செடி) பெரும்பாலும் வாசனை செத்துப்போய்த்தான் கைக்கு வருகிறது. நம் வேலியோரத்துக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வந்தது சும்மா இல்லை. வேரோடு பிடுங்கி, இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வேரை மட்டும் கழுவி லேசாக நசுக்கித் தரையில் வையுங்கள். முகத்தைத் தேய்க்கும், புரளும், எச்சில் ஒழுக நிற்கும். சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை போதும். இலையைத் தின்ன விடாதீர்கள், வேரையும் முகர்ந்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். சாலையோரச் செடியில் நாய் மூத்திரமும் களைக்கொல்லியும் இருக்கும், தொட்டியில் வளர்த்துக்கொள்வது நல்லது. ஒரு செடி வந்துவிட்டால் அப்புறம் வேண்டாம் என்றாலும் முளைக்கும்.

பூனைப் புல் என்று விற்கும் கிட்டில் இருப்பது பெரும்பாலும் கோதுமைதான். பூச்சிமருந்து நேர்த்தி செய்யாத கோதுமையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய சிறு தொட்டியில் தூவினால் பத்து நாளில் தயார். சோளம் மட்டும் போடாதீர்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு விழுந்ததை மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள், அந்த சயனைடு பூனைக்கும் விஷம்தான். வேரடியில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தொட்டியோடு கொட்டிவிட்டு மறுபடி விதையுங்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு

காக்காய்க்குச் சோறு வைக்கும் வீடுகளில் பெரும்பாலும் பால்கனிக் கைப்பிடிச் சுவரில்தான் வைப்பார்கள். மெஷ் இல்லாத பால்கனியில் அது பறவையைக் கூப்பிட்டுப் பூனைக்கு முன்னால் உட்கார வைப்பதற்குச் சமம். அதை மொட்டைமாடிக்கு மாற்றுங்கள், அல்லது மெஷ் போட்டு முடிக்கும் வரை கதவைச் சாத்துங்கள். தண்ணீர்ச் சட்டி வைப்பதும் அப்படித்தான். ஜன்னலிலிருந்து பத்தடியாவது தள்ளி, பக்கத்தில் புதர் இல்லாத இடத்தில் வையுங்கள், தெருப் பூனை பதுங்க முடியாது. தினமும் கழுவி மாற்றினால் கொசுவும் வராது.

பல்லி அரை அங்குல மெஷிலும் நுழையும், அதைத் தடுக்க முடியாது. குறைக்கலாம். பால்கனி டியூப்லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்குப் பூனை வரும். இரவில் விளக்கை அணையுங்கள், வேண்டுமானால் மஞ்சள் பல்பு. பல்லி, ஓணான் தின்னும் பூனைக்கு ஈரலில் தட்டைப்புழு தொற்றும் வாய்ப்பு உண்டு. சாப்பாட்டைக் குறைத்து, மெலிந்து, கண்வெள்ளை மஞ்சளித்தால் மருத்துவரிடம் பல்லி தின்னும் என்பதையும் சொல்லுங்கள். சாதாரணக் குடற்புழு மாத்திரையில் அது போகாது.

எலி மருந்து கேக் வைக்கும் வீட்டில் பூனை வைக்காதீர்கள், பூனை இருந்தால் எலி மருந்து வைக்காதீர்கள். அந்தக் கேக்கில் இருக்கும் ப்ரோமாடியோலோன் என்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைப் பூனையும் பிடிக்கும், கூகை ஆந்தையும் பிடிக்கும், இரண்டுக்கும் ரத்தம் உறையாமல் போகும். எலிப்பொறியே போதும்.

தெருக் கடுவன் ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்தால் உள்ளிருக்கும் பூனை சுவரில் மூத்திரம் அடிக்கும், சில சமயம் கோபத்தை உங்கள் காலில் காட்டும். ஜன்னலின் கீழ் ஒன்றரை அடிக்கு ஃபிராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டினால் தரை மட்டத்து மோதல் நிற்கும், மேலே மரம் தெரிவது கெடாது. தெருப் பூனையைக் கல்லெறிந்து விரட்ட வேண்டியதில்லை. சோறு வைக்கும் இடத்தை ஜன்னலிலிருந்து மாற்றினாலே போதும்.

ஒத்தக்கடை, அழகர்கோவில் சாலை, மேலூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டிப் போனவர்களுக்கு இதெல்லாம் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். கண்மாயும் குன்றும் ஒட்டிய மனைகள் அவை. வெறும் கட்டாந்தரையில்தான் ஆள்காட்டிப் பறவை முட்டையிடும், மயில் குஞ்சும் தரையில்தான் திரியும். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இதே வட்டாரம். அங்கே பூனையைக் காலையில் திறந்துவிட்டு இரவில் அழைக்கும் வழக்கம் வேண்டாம். சிட்-அவுட் கிரில் கேட் முழுவதற்கும் அரை அங்குல மெஷ் கட்டினால் வாசல்வரை பூனைக்கு இடம் கிடைத்துவிடும். கேட்டின் அடி இடைவெளியில் ரப்பர் பட்டை அடிக்க மறக்காதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் தப்பும்.

மெஷுக்கு மாறுகிறவர்கள் கழற்றிய புறா வலையைச் சுருட்டி மாடி மூலையிலோ தோட்டத்து வேலியிலோ போட்டு வைப்பது வழக்கமாக இருக்கிறது. அவரைப் பந்தலுக்கு ஆகும் என்று எடுத்து வைப்பவர்களும் உண்டு. தரையில் கிடக்கும் நைலான் வலையில் சாரைப்பாம்பு தலையை விட்டுப் பின்வாங்க முடியாமல் செதில் மாட்டிச் சாகும், ஓணானும் அப்படியே. கத்தரியால் ஒரு அடித் துண்டுகளாக வெட்டி, சாக்கில் கட்டி, மாநகராட்சி வண்டியில் மக்காத குப்பையாகப் போட்டுவிடுங்கள்.